முழங்கால் தேய்மானத்தில் எரிச்சலும் மதமதப்பும்: நரம்பு கெட்டுவிட்டதா?

அம்மாவுக்கு 63 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரேயில் வந்திருக்கிறது. ஆனால் அவர் சொல்லும் வலி வேறு மாதிரி இருக்கிறது: எரிகிறது, எறும்பு ஊர்கிறது, போர்வை பட்டாலே சுளீர் என்கிறது. வழக்கமான வலி மாத்திரை கேட்கவில்லை, இப்போது நரம்பு வலிக்கு மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். "நரம்பு பாதித்துவிட்டதா, இந்த மாத்திரை தேவையா, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தால் இது போகுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, இந்த எரிச்சல் தேய்மானத்திலிருந்தே வருகிறதா, இல்லை கண்டுபிடிக்காமல் விட்ட இன்னொரு நோயா என்பதுதான் என்று நினைக்கிறேன். முதலில் அதை முடிவு செய்தால்தான் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் அர்த்தமுள்ள பதில் கிடைக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், முழங்கால் தேய்மானத்தோடு எரிச்சல், குத்தல், தொட்டால் வலி என்று சொல்பவர்களில் பெரும்பாலானோருக்கு எந்த நரம்பும் அறுந்தோ நசுங்கியோ போயிருக்காது. மூட்டிலிருந்து மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஓயாமல் வந்த வலிச் செய்திகளால், அவற்றைக் கடத்தும் நரம்புகளும் தண்டுவடமும் அளவுக்கு மீறி விழிப்பாகிவிடுகின்றன. ஆனால் இந்த முடிவுக்கு நேராகத் தாவக் கூடாது. முதுகுத்தண்டு, சர்க்கரை, முழங்காலைச் சுற்றிய சிறு நரம்புகள் ஆகிய மூன்றையும் பார்த்து விலக்கிய பிறகே அப்படிச் சொல்லலாம். இதற்கு முதலில் வேண்டியது ஸ்கேன் இல்லை, கையால் செய்யும் பத்து நிமிடப் பரிசோதனை. நடைமுறையில் அதிகம் விட்டுப்போவதும் அதுதான்.

எரிச்சல் ஏன் வருகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம், சிகிச்சையின் நியாயம் அதில்தான் இருக்கிறது. தேய்வதாகச் சொல்லப்படும் குருத்தெலும்புக்கு வலி நரம்பே கிடையாது. வலி கிளம்புவது அதன் அடியில் உள்ள எலும்பு, மூட்டின் உட்சவ்வு, மூட்டு உறை, முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள கொழுப்புத் திட்டு, சவ்வுத் தட்டின் வெளி விளிம்பு ஆகியவற்றிலிருந்து. எக்ஸ்ரேயில் தேய்மானம் பலமாகத் தெரிந்தும் சிலர் சுகமாக நடப்பதற்கும், லேசாகத் தெரிந்தும் சிலர் துடிப்பதற்கும் இது ஒரு காரணம். தேய்ந்த மூட்டில் உட்சவ்வு அழற்சி அடைகிறது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் அங்கே கூடுகிறது. அது வலி நரம்பு முனைகளைக் கூர்மையாக்குகிறது. குருத்தெலும்பும் எலும்பும் சேரும் இடத்தில், வழக்கமாக நரம்பு இல்லாத பகுதிக்குள்ளும் புது இரத்தக் குழாய்களும் நரம்பு இழைகளும் நுழைகின்றன. இது முழங்காலில் நடப்பது.

இரண்டாவது கட்டம் தண்டுவடத்தில். ஓயாமல் செய்தி வந்துகொண்டே இருந்தால், அதை வாங்கி மூளைக்கு அனுப்பும் செல்கள் சிறு தூண்டுதலுக்கே பெரிதாகப் பதில் தரத் தொடங்குகின்றன. தொடுதலைக் கொண்டுவரும் செய்தியையும் வலியாகவே அவை மேலே அனுப்புகின்றன. மூளையிலிருந்து கீழிறங்கி வலியை அடக்கும் பாதையும் பலவீனமாகிறது. போர்வை பட்டால் வலிப்பதும், முட்டியைத் தாண்டித் தொடை, கெண்டைக்கால் வரை வலி பரவுவதும், படியேறி முடித்த பிறகும் மணிக்கணக்கில் எரிவதும் இதனால்தான். வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கத்தின் வரையறைப்படி, உணர்வு நரம்பு மண்டலத்தில் புண்ணோ நோயோ இருந்தால்தான் அது நரம்பு வலி. அப்படி எதுவும் இல்லாமல் வலி மண்டலத்தின் செயல்பாடு மாறிப்போய் வருவதற்கு 2017இல் தனி வகையே வகுத்தார்கள். உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு "நரம்பு வலி போன்ற வலி" என்று ஆய்வாளர்கள் கவனமாக எழுதுவது இதற்காகத்தான்.

இது அபூர்வமானதும் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட 2017ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று, முழங்கால் அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களில் சுமார் 23 சதவீதம் பேருக்கு இப்படிப்பட்ட வலி இருப்பதாகச் சொன்னது. ஆய்வுக்கு ஆய்வு இந்த எண் நிறைய மாறுகிறது. கேள்வித்தாளை வைத்து எண்ணுவதே அதற்கு முக்கியக் காரணம். பெயின்டிடெக்ட் என்ற கேள்வித்தாளில் 12 வரை வந்தால் நரம்புக் கூறு இருக்க வாய்ப்பு குறைவு, 19 அல்லது அதற்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம், நடுவில் வந்தால் சொல்ல முடியாது. டிஎன்4 என்பதில் 10க்கு 4 வந்தாலே சந்தேகப்பட வேண்டும். இவை வடிகட்டப் பயன்படுபவை. மதிப்பெண் அதிகம் என்பதால் மட்டும் நரம்பில் நோய் இருக்கிறது என்று ஆகிவிடாது. குறைவு என்பதால் இல்லை என்றும் ஆகிவிடாது.

இனி விலக்க வேண்டியவை. முதலில் முதுகு. இடுப்புப் பகுதியின் மூன்றாவது, நான்காவது நரம்பு வேர்கள் தொடையின் முன்புறம், முட்டியின் உட்பக்கம், அதற்குக் கீழே காலின் உட்புறம் ஆகியவற்றுக்கு உணர்வைத் தருகின்றன. அங்கே அழுத்தம் இருந்தால் முழங்காலில்தான் வலி என்று நோயாளி அடித்துச் சொல்வார். தேய்மான வலி நாற்காலியிலிருந்து எழும்போதும் படி இறங்கும்போதும் கூடும். முதுகுத் தண்டுக் குழாய் குறுகியவர்களுக்கு வலி நிற்கும்போதும் நடக்கும்போதும் கூடி, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ தணியும். முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டும்போது ஒரு காலில் மட்டும் உதறல் குறைந்திருந்தால், அல்லது குப்புறப் படுக்க வைத்து முழங்காலை மடக்கும்போது தொடையின் முன்புறம் வலி பாய்ந்தால், மருத்துவரின் கவனம் முதுகுக்குப் போக வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் இந்த வயதில் சகஜம். அப்போது எது எவ்வளவு என்று பிரிப்பது யாருக்கும் எளிதில்லை.

அதோடு இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டு தேய்ந்து முழங்காலில் மட்டும் வலிப்பது உண்டு. காலுறை போடச் சிரமம், மல்லாந்து படுத்து முட்டியை மடக்கிக் காலை உட்புறமாகத் திருப்பும்போது தொடை மடிப்பில் வலி, இவை இருந்தால் இடுப்புக்கும் எக்ஸ்ரே வேண்டும்.

அடுத்தது சர்க்கரை. சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறு பெரும்பாலும் கால் விரல் நுனியில் தொடங்கி, இரு காலிலும் ஒன்றுபோல மேலே ஏறும். பாதத்தில் எதுவுமே இல்லாமல் முட்டியில் மட்டும் எரிந்தால் அது சர்க்கரையால் என்பது பொருந்தாது. பாதமும் எரிகிறது, இரவில் அதிகம் என்றால், முட்டியின் தேய்மானமும் பாதத்தின் நரம்புக் கோளாறும் தனித்தனி நோய்கள், தனித்தனி சிகிச்சை. 10 கிராம் நைலான் இழையும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் வைத்துப் பாதத்தைச் சோதிப்பது எளிய முறை. இரத்தத்தில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), வைட்டமின் பி12, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம், அதை ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்ய முடியும் என்பதால் கோட்டைவிடக் கூடாது.

மூன்றாவது, முழங்காலை ஒட்டி ஓடும் நரம்புகள். முட்டிச்சில்லுக்குக் கீழே உட்புறத்திலிருந்து குறுக்காக ஓடும் ஒரு சிறு உணர்வு நரம்பு, அடிபட்டாலோ, நெடுநாள் முட்டி போட்டு வேலை செய்தாலோ, முன்பு அங்கே அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ சிக்கிக்கொள்ளும். அப்போது உள்ளங்கை அளவுக்கு ஒரே ஒரு இடம் மரத்தும் எரிந்தும் இருக்கும். ஒரு புள்ளியைத் தட்டினால் மின்சாரம் பாய்ந்தது போல ஓடும். வெளிப்புறத்தில், முட்டிக்குச் சற்றுக் கீழே எலும்பைச் சுற்றி வளைந்து போகும் நரம்பு அழுந்தினால் பாதத்தின் மேற்புறம் மரக்கும், பாதத்தைத் தூக்க முடியாமல் போகும். முட்டியின் பின்குழியில் நீர்க்கட்டி இருந்தால் அதுவும் நரம்பை அழுத்தலாம். அது உடைந்தால் கெண்டைக்கால் வீங்கி, கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்தது போலவே தோன்றும். வீட்டில் இருந்தபடி எது என்று யூகிக்காமல் அன்றே காட்டிவிட வேண்டும்.

மருத்துவரிடம் போவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை செய்யலாம். நல்ல வெளிச்சத்தில் அம்மாவின் காலை நீட்டி வைத்து, எரியும் இடத்தின் எல்லையைப் பேனாவால் தோலிலேயே வரையச் சொல்லுங்கள். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பஞ்சால் மெதுவாகத் தடவுங்கள், பல் குத்தும் குச்சியால் இலேசாகத் தொடுங்கள், குளிர்ந்த கரண்டியை வையுங்கள். ஒவ்வொன்றையும் அதே இடத்தில் மறு காலிலும், பிறகு முன்கையிலும் செய்து ஒப்பிடச் சொல்லுங்கள். உணர்வு குறைந்து, ஒரு நரம்பின் எல்லைக்குள் மட்டும் மரத்திருந்தால் நரம்பில் உண்மையான பாதிப்பைத் தேட வேண்டும். உணர்வு கூடி, பஞ்சே வலித்து, எல்லை தெளிவில்லாமல் முட்டியைச் சுற்றிப் பரவியிருந்தால் விழிப்பு மிகுந்த வலி மண்டலத்தின் பக்கம் தராசு சாய்கிறது. முன்கையில் அழுத்தினாலும் வழக்கத்தை விட வலித்தால், உடல் முழுவதுமே வலிக்கு விழிப்பாகியிருக்கலாம். இந்தச் சோதனை நோயைத் தீர்மானிக்காது. மருத்துவரின் நேரத்தைச் சரியான இடத்தில் செலவிட வைக்கும், அவ்வளவே.

மருந்துக்கு வருவோம். உங்கள் கேள்வியில் மாத்திரையின் பெயர் இல்லை, அதனால் வழக்கமாகத் தரப்படுபவற்றைச் சொல்கிறேன். முழங்கால் தேய்மானத்துக்கென்றே ஓரளவு நல்ல ஆதாரம் உள்ளது டுலோக்செட்டின். மூளையிலிருந்து இறங்கும் வலி அடக்கும் பாதைக்கு இது வலுவூட்டுகிறது. மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்து என்பதால் அட்டையைப் படித்துவிட்டு அம்மா பயப்படலாம், முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். வழக்கமாக 30 மில்லிகிராமில் ஒரு வாரம், பிறகு 60 மில்லிகிராம். முதல் வாரம் குமட்டல், வாய் உலர்தல், வியர்வை, மலச்சிக்கல் வரலாம். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். பலர் இந்த முதல் வாரத்திலேயே நிறுத்திவிட்டு "அது கேட்கவில்லை" என்கிறார்கள். முழு அளவில் 4 முதல் 6 வாரம் பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்ல முடியும். நிறுத்துவதென்றால் படிப்படியாகக் குறைக்க வேண்டும், திடீரென விட்டால் தலைசுற்றலும் பதற்றமும் வரும். கல்லீரல் நோய், சிறுநீரகம் மிகவும் தளர்ந்த நிலை, கட்டுப்படாத கண் அழுத்தம் இருந்தால் தரக் கூடாது. டிராமடால் என்ற வலி மருந்தோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வழக்கமான வலி மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் வயிற்றில் இரத்தக் கசிவு வாய்ப்பு கூடும். ஆகவே அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பிரிகாபலின், கபாபென்டின் இரண்டும் சர்க்கரை நரம்பு வலிக்கும் அக்கிக்குப் பிந்தைய வலிக்கும் நன்றாக நிலைபெற்றவை. முழங்கால் தேய்மானத்துக்கு அவற்றின் ஆதாரம் மெலிதானது, சிறு ஆய்வுகளைத் தாண்டவில்லை. பாதமும் எரியும் சர்க்கரைக்காரருக்கு என்றால் நியாயம் இருக்கிறது. முட்டி மட்டும் எரிபவருக்கு முதல் தேர்வாக நான் அவற்றைச் சொல்ல மாட்டேன். மயக்கம், தலைசுற்றல், கால் வீக்கம், எடை கூடுதல் ஆகியவை 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரிய விஷயம். இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் முட்டி வலியை மறந்துவிட வேண்டியதுதான். சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து அளவைக் குறைக்க வேண்டிய மருந்துகள் இவை.

"நரம்பு மாத்திரை" என்ற பெயரில் எழுதப்படும் பி வைட்டமின் கலவைகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பி12 குறைவு இருந்தால் அது மருந்து. குறைவில்லாதவருக்கு முட்டி வலியைக் குறைக்கும் என்று நம்பும்படியான ஆதாரம் இல்லை. கலவையில் பி6 அதிக அளவில் இருந்து, பல மாதம் தொடர்ந்து சாப்பிட்டால் அதுவே கால் நரம்புகளைக் கெடுத்து மதமதப்பை உண்டாக்கும். அம்மா ஏற்கெனவே அப்படி ஏதாவது சாப்பிட்டு வருகிறாரா என்று அட்டையில் பைரிடாக்சின் அளவைப் பாருங்கள்.

மேலே பூசுபவை மலிவானவை, உள்ளே போகும் அளவும் குறைவு, ஆனால் பெரும்பாலும் தவறாகப் பூசப்படுகின்றன. 1 சதவீத டைக்ளோஃபெனாக் ஜெல் என்றால் ஒரு முட்டிக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், நாளைக்கு நான்கு தடவை. சுண்டைக்காய் அளவு பூசிவிட்டுப் பலன் இல்லை என்பது அளவுக் குறைவே தவிர மருந்தின் குறையில்லை. எரிச்சல் வகை வலிக்குக் கேப்சைசின் களிம்பு பார்க்கத் தகுந்தது. 0.025 சதவீதம் என்றால் மெல்லிய படலமாக நாளைக்கு மூன்று, நான்கு தடவை, இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல். முதல் சில நாள் எரிச்சல் கூடும், பிறகு தணியும். வெந்நீரில் குளித்த உடனே பூசக் கூடாது, பூசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது. பஞ்சு பட்டாலே துடிக்கும் நிலையில் இதைத் தொடங்குவது கடினம். அந்தத் துடிப்பு தணிந்த பிறகு ஆரம்பியுங்கள்.

நரம்பு வலி போல இருக்கிறது என்று சொன்னதும் பலர் நடப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். இது நிலைமையை மோசமாக்கும். விழிப்பு மிகுந்த வலி மண்டலத்துக்கும், தேய்ந்த மூட்டுக்கும் ஒருசேர உதவுவது அளவான உடற்பயிற்சி. தொடையின் முன்தசை வலுவானால் மூட்டின் சுமை குறைகிறது. தொடர்ந்த இயக்கம் மூளையின் வலி அடக்கும் பாதையையும் மெல்ல மீட்கிறது. தொடங்க மூன்று போதும். முட்டிக்குக் கீழே மடித்த துண்டை வைத்து அதை அழுத்தி 5 விநாடி பிடித்தல், மல்லாந்து படுத்து நேராக நீட்டிய காலை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி இறக்குதல், கொஞ்சம் உயரமான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்தல். ஒவ்வொன்றும் எட்டு முதல் பத்து தடவை, இரண்டு சுற்று, வாரத்தில் மூன்று, நான்கு நாள். எழுந்து உட்கார்வது கடினமென்றால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள்.

எவ்வளவு வலி வரை செய்யலாம் என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். பத்துக்கு ஐந்து வரை வலி வந்தால் பரவாயில்லை, 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது நடைமுறையில் உதவும் விதி. மறுநாளும் கூடுதலாகவே இருந்தால் பயிற்சியை நிறுத்த வேண்டாம், தடவைகளை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். வலி குறைந்த நாளில் உற்சாகமாகி இரண்டு மடங்கு நடந்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுப்பதுதான் திட்டம் குலைய முக்கியக் காரணம். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறக்குறைய அதே அளவு செய்யட்டும். எடை கூடுதலாக இருந்தால், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. தூக்கத்தையும் கேளுங்கள். தூக்கம் கெட்ட மறுநாள் வலி கூடுவது இந்த வகை நோயாளிகளிடம் வெளிப்படையாகத் தெரியும்.

இவை எல்லாம் செய்தும் அடங்காவிட்டால், முழங்காலுக்கு உணர்வு தரும் சிறு நரம்புகளைச் சூட்டால் செயலிழக்கச் செய்யும் ரேடியோ அதிர்வெண் சிகிச்சை உண்டு. முட்டிக்கு மேலே இருபுறமும், கீழே உட்புறமும் என மூன்று இடங்களில் செய்வார்கள். கீழே வெளிப்புறத்தைத் தவிர்ப்பது, பாதத்தைத் தூக்கும் நரம்பு அருகே ஓடுவதால். முதலில் மரப்பு ஊசி போட்டு, வலி பாதிக்கு மேல் குறைகிறதா என்று பார்த்த பிறகே சூடு வைக்க வேண்டும். சோதனை ஊசி போடாமல் நேராகச் செய்கிறோம் என்றால் ஏன் என்று கேளுங்கள். நரம்பு மீண்டும் வளரும், ஆகவே பலன் சுமார் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். தேய்மானத்தை இது மாற்றாது.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றிய கேள்விக்கு நேர்மையான பதில் சற்றுச் சிக்கலானது. நன்றாகத் தேய்ந்த முட்டிக்கு அது பலருக்கும் பெரிய விடுதலை. ஆனால் 2012இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, முழங்கால் மாற்றியவர்களில் 10 முதல் 34 சதவீதம் பேருக்கு நீண்ட நாளைக்குப் பிறகும் குறிப்பிடத்தக்க வலி இருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்பே எரிச்சல், பரவிய வலி, தொட்டால் வலி இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல் என்பதற்கு ஆதாரம் உண்டு. இன்னொரு பக்கம், வலிச் செய்தியின் ஊற்றை எடுத்துவிட்டதும் பலருக்கு அந்த விழிப்பு தானே தணிவதும் பதிவாகியிருக்கிறது. உங்கள் அம்மா எந்தப் பக்கம் வருவார் என்று எந்தப் பரிசோதனையாலும் இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. என் கருத்து இது: எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி ஏறக்குறைய மூடியிருந்து, நடையும் முடங்கியிருந்தால் எரிச்சலைக் காரணம் காட்டி அறுவை சிகிச்சையை மறுக்க வேண்டாம். எக்ஸ்ரேயில் தேய்மானம் லேசாக இருந்து எரிச்சல் மட்டும் கொடியதாக இருந்தால் அவசரப்படவே கூடாது, முதுகையும் நரம்பையும் மறுபடி பாருங்கள். எப்படியானாலும், தழும்பின் வெளிப்புறத்தில் ஒரு மரத்த திட்டு வரும் என்பதை முன்பே சொல்லி வையுங்கள். முட்டிச்சில்லுக்குக் கீழே குறுக்காக ஓடும் அந்தச் சிறு உணர்வு நரம்பின் கிளை வெட்டுப்படுவதால் வருவது அது, மாதங்கள் போகப்போகப் பெரும்பாலும் சுருங்கும்.

நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் ஊசி வருகிறது என்று யாராவது சொன்னால், அந்தக் கதை முடிந்துவிட்டது. அந்த வகை ஊசியான டானேசுமாப் வலியைக் குறைத்தது உண்மை, ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்தது. 2021இல் அமெரிக்க மருந்து ஆணையத்தின் ஆலோசனைக் குழு அதற்கு எதிராக வாக்களித்தது, அதே ஆண்டில் அதை உருவாக்கியவர்கள் கைவிட்டார்கள்.

காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகள்: பாதத்தைத் தூக்க முடியாமை, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுதல், காய்ச்சலோடு முட்டி சிவந்து கொதித்தல், ஒரு கெண்டைக்கால் திடீரென வீங்குதல். இவற்றில் எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அவை இல்லையென்றால், தோலில் வரைந்த படம், எல்லா மாத்திரை அட்டைகள், எச்பிஏ1சி, பி12 முடிவுகள் ஆகியவற்றோடு அடுத்த முறை போய், "முதுகையும் இடுப்பையும் பாதத்தையும் ஒருமுறை பரிசோதிக்க முடியுமா" என்று கேளுங்கள். அம்மாவின் காலைத் தொட்டுப் பார்க்காமல், எழுத்தை மட்டும் வைத்து இதற்கு மேல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.